சேருக்குக் கிடைத்த ஒரு கிழமை

எங்கள் சேர் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். சோற்றுக்கு உப்புப் போதாவிட்டால் உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டு எழும்புவார். தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தால், கடைக்காரர் தானாகக் கண்டு "என்ன சேர், பிளேன்டீயா?" என்று வரும்வரைக்கும் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கடையில் சனம் கூட, ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. அரை மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பி, கதிரையை ஒழுங்காக உள்ளே தள்ளிவைத்துவிட்டு வந்தார். நான் வெளியே ஓட்டோவில் இருந்தேன்.

"குடிச்சாச்சா சேர்?"

"இல்ல மகன். அவங்களுக்குப் பாவம், வேலை கூட."

எனக்கு எட்டாம் வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்தவர் அவர். மற்ற வாத்திமார் வகுப்புக்குள் கால் வைத்ததும் கேள்வி கேட்டு எங்களை எழுப்பி நிறுத்துவார்கள். இவர் பாடத்தைச் சொல்லுவார், கரும்பலகையில் எழுதுவார், மணி அடித்தால் போய்விடுவார். எங்களுக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் அது ஒன்றுதான். வீட்டுப்பாடக் கொப்பியை நாமாகக் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் அவராகக் கேட்கமாட்டார். நான் அந்த வருஷம் முழுக்கக் காட்டவில்லை. பிற்காலத்தில் ஒருநாள், "நீங்க அண்டைக்குக் கொப்பியைக் கேட்டிருந்தா நான் இண்டைக்கு ஓட்டோ ஓடாம இருந்திருப்பன் சேர்" என்று பகிடிக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் ஓட்டோவில் ஏறி இருந்தவுடன், "நான் கேட்டிருக்கோணும் மகன்" என்றார். எனக்கு ஏன்தான் வாயைத் திறந்தோம் என்று போய்விட்டது.

இப்படிப்பட்டவர் எப்படிக் கொரியாவுக்குப் போனார் என்று ஊரில் பலர் ஆச்சரியப்பட்டார்கள். அவர் எங்கே விண்ணப்பித்தார்? ஆசிரியர் பயிற்சிக்கு ஓர் இடம் வந்திருக்கிறது என்று எங்கள் பள்ளிக்கூட அதிபர்தான் படிவத்தை நிரப்பி, கையெழுத்தை மட்டும் இவரிடம் வாங்கினார். பயிற்சி முடியும் நேரத்தில் அங்கே ஒரு சிறிய கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. நிற்கிறீர்களா என்று கேட்டார்கள். கேட்கத் தெரியாதவர்களுக்கு மறுக்கவும் தெரியாது. நின்றுவிட்டார். ஒரு வருஷம் என்று போனது பதினாலு வருஷமானது.

அங்கே புரட்டாதிப் பக்கமாக ஒரு பெரிய பண்டிகை வருமாம். பூரணைச் சந்திரனுக்கு, நாடே மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகுமாம். செத்தவர்களுக்குப் படையல் வைத்து, கல்லறைப் புல்லை வெட்டித் துப்பரவாக்கி, அரிசி மாவில் எங்கள் கொழுக்கட்டை மாதிரியே ஒன்று அவித்துச் சாப்பிடுவார்களாம். கல்லூரி ஒரு கிழமை பூட்டு. கூடப் படிப்பிக்கும் வெளிநாட்டு ஆசிரியர்கள் மலையைப் பார்க்கப் போவார்கள், கடலைப் பார்க்கப் போவார்கள். எங்கள் சேர் கல்லூரியில் பண்டிகைக்குக் கொடுக்கும் பரிசுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மட்டக்களப்புக்கு வருவார். பெட்டிக்குள் பற்பசையும் சவர்க்காரமும் ஷாம்பு போத்தலும் நகைக்கடையில் அடுக்கின மாதிரி அடுக்கியிருக்கும். ஏழு நாளில் போகவர மூன்று நாள் போய்விடும். மிஞ்சின நாலு நாளும் என் ஓட்டோ அவருக்கு.

"அங்க எல்லாரும் தங்கட வீட்டுக்குப் போற கிழமை மகன் இது" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார். சொல்லிவிட்டு, மனைவி இல்லாமல் போனபிறகு வாவிக்கரையில் இருக்கும் ஒரு லொட்ஜில் போய் இறங்குவார்.

அவருக்கு வீடு இல்லாமல் இல்லை. செட்டிபாளையத்தில் நல்ல வீடு இருந்தது. ஆனால் எங்கள் பகுதி வழக்கம் தெரியுந்தானே, வீடும் வளவும் பெண்ணுக்கு. கலியாணத்தில் மாமனார் மகளின் பெயரில் வீட்டு உறுதி எழுதுவார், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். சேரும் அப்படித்தான் போனார். பின்னால் இரண்டு அறை கூட்டிக் கட்டினதும், மதில் எழுப்பி இரும்புக் கேற் போட்டதும் அவருடைய உழைப்பு. ஆனாலும் வீடு மனைவியுடையது. மனைவிக்குப் பிறகு ஒரே மகளுடையது. மனைவி போனபின்னும் எத்தனையோ ஆண்கள் அதே வீட்டில் இருந்து, அதே கதிரையில் சாய்ந்து, காலம் தள்ளுகிறார்கள். யாரும் எழும்பு என்று சொல்வதில்லை. சேர் மட்டும் அது இப்போது மகளின் வீடு, அவள் வாங்க என்று சொன்னால்தான் போகலாம் என்று நினைத்தார்.

அவள் சொல்லாததற்குக் காரணம் இருந்தது.

சேர் கொரியாவுக்குப் போன ஏழாவது வருஷம் அவருடைய மனைவிக்கு வயிற்றில் கட்டி வந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றான பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மகள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். போன் எடுத்து, "அப்பா, உடன வாங்க. அம்மா உங்களத்தான் தேடுறா" என்று அழுதாள். சேர், "இன்னும் பதினொரு நாள்ல லீவு வருது மகள். வந்திருவன்" என்றார். ஏழாம் நாள் மனைவி போய்விட்டார். லீவு தொடங்கின அன்றைக்கே ஏறி, இறப்பு நடந்து ஐந்தாம் நாள் சேர் வந்து இறங்கினார். எட்டாம் நாள் சடங்குக்கு நின்றார். முப்பத்தோராம் நாளுக்கு நிற்கவில்லை. லீவு ஒரு கிழமைதான்.

திரும்பிப் போனபிறகு விஷயம் தெரிந்து அவருடைய மேலாளர் ஏசினாராம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்போமே என்று அந்த மனிசன் கண்கலங்கினாராம். இதைச் சேரே எனக்குச் சொன்னார். கல்லடிப் பாலத்தில் வாகன நெரிசலில் நின்றுகொண்டிருந்தோம். சொல்லிவிட்டு வாவியைப் பார்த்தார். நான் ஊரறிந்த வாயாடி. அன்றைக்கு முன்னால் நின்ற லொறியின் நம்பரை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கதையை மகளிடம் மறைத்திருக்கலாம். அதற்கும் அவருக்குச் சாமர்த்தியம் இல்லை. அடுத்த வருஷம் வந்தபோது கேற்றடியில் நின்று அவளிடமும் அப்படியே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப, ஒரு சொல் கேட்டிருந்தா விட்டிருப்பாங்க" என்றாள்.

"ஓம் மகள்."

உள்ளே போனாள். அதற்குப்பிறகு அவள் கேற்றடிக்கு வரவில்லை.

இதற்குமேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை நடந்த ஒரே காட்சிதான். லொட்ஜில் அவரை ஏற்றுவேன். கச்சான் காற்று கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போடும். காத்தான்குடிப் பேரீச்சை மரங்களைத் தாண்டி, ஆரையம்பதி தாண்டி, செட்டிபாளையத்தில் மெயின் ரோட்டை விட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்புவோம். கேற்றுக்கு எதிரே பூவரச நிழலில் நிற்பாட்டுவேன். அவர் இறங்கிப் பெட்டியோடு கேற்றுக்கு வெளியே நிற்பார். தட்டமாட்டார், கூப்பிடமாட்டார். நான்தான் ஹோர்ன் அடிப்பேன். மகளுக்குத் துணையாக அங்கே இருந்த பெரியம்மா வருவார். கேற்றுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் சேர். மழை எப்படி, வேளாண்மை எப்படி என்று பேச்சு நடக்கும். உள்ளே யன்னல் சீலை ஒருதரம் அசையும்.

"உள்ளுக்கு வாங்களன். என்ன இது, ரோட்டுல நிண்டுகொண்டு" என்று பெரியம்மா முதல் ஒன்றிரண்டு வருஷம் சொல்லிப் பார்த்தார்.

"இல்ல மச்சாள். வீட்டுக்காரி சொல்லோணும்."

"அவள் சின்னப் புள்ள. நீங்க வந்து இருந்தா அவள் என்ன புடிச்சுத் தள்ளவா போறாள்?"

சேர் பெட்டியை நீட்டுவார். அரை மணித்தியாலம் ஆனதும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் கிக்கரை இழுத்து ஓட்டோவைக் கிளப்புவேன். திரும்பும் வழியில் அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க எனக்குச் சில வருஷம் பாவமாக இருக்கும், சில வருஷம் ஆத்திரமாக இருக்கும்.

மகளுக்குக் கலியாணம் நடந்தது ஒரு வைகாசியில். அழைப்பிதழைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தாள். அவர் ஒரு பட்டுச்சேலை அனுப்பினார், வரவில்லை. தாய்மாமன்தான் முன்னுக்கு நின்று செய்துவைத்தார். அடுத்த புரட்டாதியில் வந்தபோது நான் விடவில்லை.

"ஏன் சேர் வரல்ல? மகள்ட கலியாணம்!"

"கார்ட் வந்தது. 'வாங்க அப்பா' எண்டு ஒரு வரி எழுதியிருக்கல்ல."

"நீங்க 'வரட்டா' எண்டு ஒரு வரி எழுதினீங்களா?"

காத்தான்குடிச் சந்தியில் இறங்கி எனக்கு ஒரு இளநீர் வாங்கித் தந்தார். தனக்கு வாங்கவில்லை. இளநீர்க்காரர் அவருக்கும் வெட்டட்டுமா என்று கேட்க மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

அவரைப் பற்றிச் சிரிக்கவும் கதை இருக்கிறது. உன்னிச்சைக் குளத்துப் பக்கம் அவரோடு படிப்பித்த ஒருவர் இருந்தார். ஒருமுறை என் ஓட்டோ திருத்தத்தில் கிடந்ததால் சேர் தனியே பஸ்ஸில் போனார். எங்கே இறங்குவது என்று கொண்டக்டரைக் கேட்கவில்லை. தவறின இடத்தில் இறங்கி, குளக்கட்டைச் சுற்றி மூன்று மணித்தியாலம் நடந்தார். வழியில் மாடு மேய்க்கிறவர்கள், வலை காயப்போடுகிறவர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். நண்பரின் வாசலை இரண்டுதரம் கடந்து போயிருக்கிறார். கடைசியில் கிணற்றடியில் நின்ற நண்பரின் மனைவி கண்டு, "சேர், அங்கால போகாதீங்க, ஆனை வாற நேரம்!" என்று கத்தி மறித்தார். இதைச் சொல்லி நாங்கள் வயிறு நோகச் சிரித்திருக்கிறோம். இப்போது அந்தக் கதையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மகளுக்குக் குழந்தை பிறந்த வருஷம் நடந்ததைச் சொல்லவேண்டும்.

வழக்கம்போலப் பூவரச நிழலில் நிற்பாட்டி ஹோர்ன் அடித்தேன். பெரியம்மா வரவில்லை. மகள் வந்தாள். தோளில் மூன்று மாதக் குழந்தை. ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்தக் கேற்றடிக்கு வருகிறாள். சேரின் முகத்தை நேரே பார்க்கவில்லை. கொளுக்கியைக் கழற்றி, கேற்றின் இரண்டு கதவையும் சுவரோடு முட்டும்வரைக்கும் தள்ளித் திறந்தாள். ஓட்டோவே உள்ளே போகலாம். பிறகு திரும்பி வீட்டுக்குள் போனாள். முன்கதவும் திறந்தபடி கிடந்தது.

போங்க சேர், போங்க என்று மனதுக்குள் கத்தினேன். வாயால் சொல்லவில்லை. அது அப்பனுக்கும் மகளுக்கும் உள்ள விஷயம், இதில் ஓட்டோக்காரன் நாக்கை நீட்டக்கூடாது என்று அந்த நேரம் பார்த்து எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

சேர் நின்றார். வாசலைப் பார்த்தார். பெட்டியைக் கேற்றுக்கு உட்பக்கம் சுவரோரமாக வைத்தார். பிறகு ஒரு கதவை இழுத்தார், மற்றதை இழுத்தார், கையை உள்ளே விட்டுக் கொளுக்கியை மாட்டினார்.

"ஆடு வந்து பூங்கண்டெல்லாம் கடிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

நான் கிக்கரை இழுத்தேன். திருப்பும்போது கண்ணாடியில் மகள் தெரிந்தாள். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து, மூடின கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நிற்பாட்டவில்லை.

பின்னேரம் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, அவர் ஏன் கேற்றச் சாத்தினவர்?"

"அது, ஆடு வந்திரும் எண்டு..."

"ஆடா?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் புகையிரத நிலையத்தில் விடும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் புள்ள கேற்றத் திறந்தது உங்களுக்குத்தான் சேர். ஆட்டுக்கில்ல" என்றேன்.

"ஒண்டும் சொல்லல்லையே மகன்."

"எல்லாத்தையும் வாயால சொல்லோணுமா? மறுகா வெத்தில வச்சு அழைக்கோணுமா உங்கள?"

அவர் பையைத் தோளில் மாட்டினார். "அடுத்த முறை பாப்பம்" என்றார்.

அடுத்த முறை அவர் வரவில்லை. 'இந்த லீவுக்கு இங்கேயே நிற்கிறேன் மகன். கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது' என்று எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். மகளுக்கு எழுதவில்லை. அது தெரியாமல் அவள் எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணா, அப்பா எத்தினையாந் திகதி வாறார்? முன் அறையத் துப்பரவாக்கி வச்சிருக்கன். இந்த முறை லொட்ஜுக்கு விடவேணாம், நேர இஞ்ச ஏத்திக்கொண்டு வாங்க. நான் சொன்ன எண்டு சொல்லுங்க."

நான் ஓட்டோவை ஓரத்தில் நிற்பாட்டிவிட்டு ஒரு எழுத்தும் விடாமல் அதை அப்படியே சேருக்கு அனுப்பினேன். பதில் வர நெடுநேரம் எடுத்தது. 'உண்மையாகவா?' என்று முதலில் வந்தது. 'ஓம் சேர், சத்தியமா' என்று போட்டேன். பிறகு வந்ததை நான் இன்றைக்கும் அழிக்கவில்லை. 'டிக்கட் எல்லாம் முடிந்துவிட்டது. பண்டிகைச் சனம். கல்லூரி திறந்தவுடன் ஒபிசுக்குப் போய் ஒரு கிழமை லீவு கேட்கப்போகிறேன். பிள்ளையிடம் சொல்லு.'

சொன்னேன். அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கல்லூரி திறந்த அன்றைக்குச் சேர் வகுப்புக்கு வரவில்லை. ஆசிரியர் விடுதியில் அவருடைய அறைக்கதவை உடைத்துப் பார்த்தபோது கட்டிலில் கிடந்தாராம். இரண்டு மூன்று நாளாகியிருந்ததாம். லீவுக் கிழமை, கட்டடமே வெறுமையாகக் கிடந்தது, யார் தேடுவார்கள்? கூடப் படிப்பித்த இன்னொரு வெளிநாட்டு ஆசிரியர் மட்டும் பயணம் போகாமல் மேல்மாடியில் இருந்திருக்கிறார். அவர்தான் பிறகு மகளோடு பேசினார். லீவின் நடுவில் ஒருநாள் சேர் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததைக் கண்டாராம். சுகமா என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு தலையாட்டினாராம். அந்த ஆசிரியரும் படியேறிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று கிழமை கழித்துப் பெட்டி வந்தது. முதல் மழை விழுந்து செட்டிபாளையம் ஒழுங்கை சேறாகியிருந்தது. முற்றத்தில் பந்தல் போட்டு, நடுவில் பெட்டியை வைக்க இரண்டு மரவாங்கு போட்டிருந்தார்கள். வான் வண்டியிலிருந்து இறக்கும்போது தாய்மாமன் கையைக் காட்டினார்.

"இதில வைங்க, பந்தலுக்குள்ள. வெளியூர்ல உசிர் போன உடம்பு. வீட்டுக்குள்ள எடுக்கப்படாது. கைப்புள்ள இருக்கிற வீடு."

பெரியவர்கள் ஓம் என்று தலையாட்டினார்கள். நாங்கள் பெட்டியை வாங்கின் மேல் வைக்கப்போனோம். மகள் வாசற்படியில் நின்றாள்.

"உள்ளுக்குக் கொண்டு வாங்க" என்றாள்.

"புள்ள, அப்பிடிச் செய்ற வழக்கமில்ல. பெரிய ஆக்களட்ட ஒரு சொல்லுக் கேட்டு..."

"வீடு என்ட பேர்ல மாமா. நான் ஆரிட்டயும் கேக்கத் தேவையில்ல." விலகி நின்று கையால் வழியைக் காட்டினாள். "வாங்கப்பா" என்றாள்.

ஆறு பேர் தூக்கினோம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது. அவர்மேலும் ஆத்திரம், என்மேலும் ஆத்திரம். கேற்றிலிருந்து வாசற்படிக்கு இருபது அடிகூட இல்லை. சேற்றில் சறுக்காமல் மெல்ல மெல்ல நடந்து அவரை உள்ளே கொண்டுபோய் முன் அறையில் வைத்தோம்.